கல்லைப் போட்டுப் பார்த்தவர்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஓமந்தூர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் என்பதால் வரலாறு படித்தோருக்குப் பெயர் தெரிந்திருக்கும். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருப்பதால், படிக்காதோருக்கும் தெரிந்திருக்கும். ஓமந்தூருக்கு அருகே கிளியனூர். கிளி வழிபட்ட தலம் என்று சொல்லப்படும் அவ்வூரைத் திருக்கிளியன்னவூர் என்று தேவாரத் தலங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். சம்பந்தர் பெயரில் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்ட பதிகம் ஒன்று அதற்கு உண்டு.

சம்பந்தர் மூன்று வயதில் பாடியவர். அந்தப் பக்கத்து வீடுகளில் மூன்று வயதாகியும் ஒரு சொல் சொல்லாத பிள்ளை இருந்தால், அதன் தாய்க்கு அவர் ஆறுதலாக மாட்டார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வேறு பெயர்களை வைத்திருக்கிறார்கள். 'குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லையே' என்பார் ஒருவர். 'நம்மாழ்வார் பதினாறு வயது வரை வாய் திறக்கவில்லை' என்பார் மற்றொருவர். 'இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்' என்று பாட்டி முடித்து வைப்பாள். பிறகு வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்கள். பக்கத்திலேயே மயிலம் இருக்கிறது, முருகனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அதன்பின் காத்திருப்பார்கள்.

இந்தக் காத்திருத்தலுக்குத் தமிழில் நீண்ட வரலாறு இருக்கிறது. பேசாத பிள்ளையைப் பற்றித் தமிழர் எழுதிவைத்தவற்றை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மருத்துவத்தைப் படித்துவிட்டு அதன்பின் பழைய நூல்களுக்குப் போவது அபாயகரமான வழி; எல்லாம் முன்பே நம்மவர்க்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றும். அந்தச் சறுக்கலைத் தவிர்க்க முயன்றிருக்கிறோம். முழுதும் தவிர்த்தோமா என்பதை வாசகர்கள் சொல்லட்டும்.

மழலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். குறளில் மக்கட்பேறு அதிகாரம் இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் அதியமானிடம், யாழோடும் பொருந்தாத, பொருளும் விளங்காத பிள்ளைச் சொல் தந்தையருக்கு இனிப்பதுபோலத் தன் சொல் அவனுக்கு இனிக்கிறது என்கிறார். இவையெல்லாம் மழலையைக் கேட்டவர்களின் பாடல்கள். கேட்கக் காத்திருந்து கேளாதவர்கள் இவற்றை எப்படிப் படிப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுபக்கமும் சங்க நூல்களில் இருக்கிறது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மனிதப் பிறவியில் நேரும் எட்டுவகைக் குறைகளை அடுக்குகிறார். அவ்வரிசையில் ஊமையும் செவிடும் அடுத்தடுத்து வருகின்றன; ஆனால் தனித்தனி எண்ணிக்கையாக வருகின்றன. பேச்சின்மை பெரும்பாலும் கேளாமையின் விளைவு என்ற அறிவு அந்த எண்ணிக்கையில் தெரியவில்லை. அந்தப் பாடலின் நோக்கமே வேறு: இக்குறைகள் இல்லாமல் பிறந்தவன் அதன் பயனை அறிந்து வாழவேண்டும் என்று அரசனுக்குச் சொல்வது. குறையுடையவன் அங்கே ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

குறுந்தொகையில் வரும் ஊமன் அப்படியல்ல. கூவன்மைந்தன் என்ற புலவரின் பாடலில் (224) தோழி படும் வருத்தத்தைக் கண்டு தலைவி தன் நிலையைச் சொல்கிறாள். இரவில் கிணற்றுக்குள் பசு ஒன்று விழுந்துவிட்டது. அதைக் கண்டவன் ஒருவனே. அவன் வாய் பேசாதவன். யாரிடம் எப்படிச் சொல்வான்? புலவர் 'ஊமன்' என்று மட்டும் விடாமல் அவன் உயர்திணையைச் சேர்ந்தவன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஊமன் என்பது கோட்டானுக்கும் பெயர் என்பதால் அந்த அடை தேவைப்பட்டது என்பார்கள். இலக்கணக் காரணம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் படிக்கிற நமக்கு அந்தச் சொல் வேறொன்றையும் செய்கிறது. இவனும் மனிதன்தான், பசு விழுந்ததைக் கண்டிருக்கிறான், பசுவின் துயரம் இவனுக்குத் தெரியும், இல்லாதது ஒன்றே ஒன்றுதான். உள்ளே அறிவு நிறைந்திருந்து வெளியே வர வழியற்றுப் போகும் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொரு பாடல் நம் நினைவில் இல்லை. தான் நினைத்தது பிறருக்குப் புரியாமல் தரையில் புரண்டு அழும் இரண்டு வயதுக் குழந்தையைப் 'பிடிவாதம்' என்று அடிக்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.

அறிதலும் பேசுதலும் வேறு வேறு என்ற இந்த நுட்பத்தை அடுத்து இறையனார் அகப்பொருள் உரையில் காண்கிறோம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கொள்ளப்படும் அவ்வுரையின் தொடக்கத்தில் வருகிற கதை பலரும் அறிந்ததே. பாண்டிநாட்டில் பன்னிரண்டாண்டுப் பஞ்சம். பொருளிலக்கணம் வல்லார் எவரும் கிடைக்காமல் அரசன் வருந்த, இறைவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் அருளுகிறான். சங்கப் புலவர் ஒவ்வொருவரும் உரை கண்டு, தம்முடையதே மெய்யுரை என்கிறார்கள். தீர்ப்பளிக்க யாரைக் கூப்பிடுவது? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை. ஐந்து வயது, மூங்கைப் பிள்ளை. அதாவது வாய் பேசாதவன்.

அவனை ஆசனத்தில் இருத்தி உரைகளை வாசிக்கிறார்கள். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்க்கிறான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்க்கிறான். நக்கீரர் உரையே மெய்யுரை என்று முடிவாகிறது.

இக்கதையில் அந்தப் பிள்ளை கடைசிவரை பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அற்புதம் நிகழ்ந்து அவன் வாய் திறக்கவில்லை. அவனுடைய கண்ணீரையே சங்கம் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறது. மொழியை உள்வாங்கும் திறனும் மொழியை வெளியிடும் திறனும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டியவை என்பது இன்றைய பேச்சு மொழி மருத்துவத்தின் அரிச்சுவடி. பேசாத குழந்தையிடம் முதலில் கேட்பது 'இவனுக்குச் சொன்னால் புரிகிறதா?' என்பதுதான். 'பந்தை எடுத்து வா' என்றால் எடுத்து வருகிறானா? எடுத்து வந்தால் ஒரு வழி. வராவிட்டால் வேறு வழி. அகப்பொருள் உரைகாரர் மருத்துவர் அல்லர். என்றாலும் பேசாதவன் அறியாதவன் அல்லன் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாக இருந்திருக்கிறது. அவன் அழுததை எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள் என்பதே நமக்குப் பிடித்த செய்தி. பின்னால் வந்த திருவிளையாடல் மரபில் இப்பிள்ளை முருகனின் அவதாரமாகிவிட்டான். அங்கே அவன் மௌனத்துக்குத் தெய்வக் காரணம் கிடைத்துவிடுவதால் கதையின் மனிதக் கூர்மை குறைந்துவிட்டதாகவே நினைக்கிறோம்.

தில்லையில் மாணிக்கவாசகர் பௌத்தரோடு வாதிட்டபோது, ஈழத்து அரசனின் ஊமைப் பெண் வாய் திறந்து விடை சொன்ன கதை திருவாதவூரடிகள் புராணத்தில் உள்ளது. திருச்சாழல் அந்த வினாவிடையே என்பது மரபு. அதில் பௌத்தர் ஊமையாக, ஊமை பேசுகிறாள். சமய வாதத்தின் கணக்கில் அவள் ஒரு காய். அதற்குமேல் அவளைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

குமரகுருபரரிடம் வருவோம். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். தந்தை சண்முகசிகாமணிக் கவிராயர், தாய் சிவகாமசுந்தரி. காலம் பதினேழாம் நூற்றாண்டு. ஐந்து வயது வரை பிள்ளை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று ஒரு மண்டலம் விரதம் இருந்தார்கள். பிள்ளை வாய் திறந்து பாடியது கந்தர் கலிவெண்பா. அந்நூலின் இறுதியில் கேட்கப்படும் வரங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஆசு முதலிய நால்வகைக் கவி பாடும் திறம், அட்டாவதானம் என்று வேண்டுதல் போகிறது. முந்தின நாள் வரை ஒரு சொல் இல்லாதவன் கேட்கும் வரம் இது.

இதை வரலாறாகக் கொள்ள வேண்டும் என்று நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வீடு கவிராயர் வீடு. ஐந்தாண்டுகள் அவன் காதில் தமிழ் விழுந்துகொண்டே இருந்தது. கேட்கும் காதும், புரிந்துகொள்ளும் மனமும், பேசிக்கொண்டே இருக்கும் வீடும் வாய்த்த பிள்ளைகளில் பலர் தாமதமாகத் தொடங்கினாலும் ஓடிப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டு வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகவும் இரு சொற்களைச் சேர்க்காமலும் இருக்கும் பிள்ளைகளைத் 'தாமதமாகப் பேசுவோர்' என்று ஆய்வாளர்கள் வகுக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். பாட்டி சொல்லும் 'இவன் அப்பனும்' என்ற சாட்சியம் முழுப் பொய் அன்று. தாமதம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்மையே. எட்டாமல் போகும் மற்றவர்கள் யார் என்பதை இரண்டு வயதில் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

ஐந்து வயது வரை பேசாதவர் என்று சொல்லப்படும் அந்தக் கவிஞரே பிற்காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழ் என்ற வடிவத்தை நாம் அணிநயத்துக்காகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, பத்துப் பருவங்கள் என்ற அந்தச் சட்டகத்தைக் கொஞ்சம் வேறு கண்ணால் பாருங்கள். மூன்றாம் திங்களில் காப்பு என்று தொடங்கி, ஒற்றைப்படைத் திங்கள்களாக இருபத்தொன்று வரை எண்ணுவது பாட்டியல் நூல்கள் வகுக்கும் முறைகளில் ஒன்று. ஐந்தில் செங்கீரை. கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, குழந்தை இன்னொலி எழுப்பும் பருவம் என்று விளக்குவோர் உண்டு. ஏழில் தால். தால் என்றால் நாக்கு. தாலாட்டு என்ற சொல்லே நாவை ஆட்டுவதிலிருந்து வந்தது என்பார்கள். ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை, பதினைந்தில் அம்புலி.

இது ஒரு வளர்ச்சி அட்டவணை. தாலப் பருவம் வைக்கப்பட்டிருக்கும் ஏழாம் மாதத்தை ஒட்டித்தான் கேட்கும் குழந்தைகள் 'பபப', 'மமம' என்று அசைகளை அடுக்கத் தொடங்குகின்றன. அதற்கு முன் செவிட்டுக் குழந்தையும் கூவும், சிரிக்கும், குரல் எழுப்பும். அதனால்தான் முதல் அரையாண்டில் வீட்டார் எதையும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அசை அடுக்கும் மழலை செவிட்டுக் குழந்தைக்கு உரிய காலத்தில் வருவதில்லை என்று 1988இல் ஆலர், ஐலர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாலாட்டுக் கேட்டு நாவாட்டும் மாதத்தில் நா ஆடவில்லை என்றால் அது ஒரு செய்தி. வாரானை என்பது 'வா' என்று அழைத்தலும் குழந்தை வருதலும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பது இன்றும் முதற்கேள்வி. அம்புலியோ இவையனைத்திலும் நுட்பமானது. தாய் வானத்தைச் சுட்டுகிறாள்; குழந்தை அவள் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் நிலாவைப் பார்க்க வேண்டும். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்து 'நானும் கண்டேன்' என்று சிரிக்க வேண்டும். ஒரு பொருளை இருவர் சேர்ந்து நோக்கும் இந்தச் செயல்மீதுதான் சொல் கட்டப்படுகிறது. ஒன்றரை வயதில் குழந்தை சுட்டிக் காட்டுகிறதா, நீங்கள் சுட்டுவதைப் பார்க்கிறதா என்பது ஆட்டிசத்துக்கான முதற்சோதனை வினாக்களில் தவறாமல் இடம்பெறுவது.

பாட்டியல் எழுதியவர்கள் நோயறியும் கருவி செய்யவில்லை. அரசனையும் தெய்வத்தையும் குழந்தையாக்கிப் பாட ஓர் ஒழுங்கு செய்தார்கள். ஆயினும் அந்த ஒழுங்கைத் தொட்டில்களின் பக்கத்தில் இருந்தல்லவா எடுத்திருப்பார்கள்? கணக்கு வைத்திருந்த பாட்டிகள் எத்தனை பேரோ!

காசிக்குப் போன குமரகுருபரர், அந்நாட்டு மொழி தெரியாததால் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி, இந்துஸ்தானி பேசும் திறம் பெற்றார் என்பதும் அவர் வரலாற்றில் சேர்ந்த கதை. தாய்மொழிக்கு முருகன், இரண்டாம் மொழிக்குக் கலைமகள்! இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவு வருகிறது. தென்னார்க்காட்டில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உண்டு. அங்கே பிள்ளை பேசத் தாமதித்தால் 'இரண்டு பாஷை, அதனால்தான்' என்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் மொழிக்கோளாறு உண்டாவதில்லை என்பது ஆய்வுகளின் முடிவு. ஆறுதல் சொல்லிக் காலம் தாழ்த்த அது மற்றுமொரு காரணம் ஆகிவிடுகிறது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றோரமாகச் சில கல் தொலைவில் ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். பேசாமல் இருந்து பேசிய இரு பெருங்கவிகளைத் தாமிரபரணியின் ஒரே கரைப்பகுதி தந்திருப்பதை இதுவரை யாரும் விந்தையாகக் குறிப்பிட்டு நாம் பார்த்ததில்லை.

குருபரம்பரைக் கதைகளின்படி, காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த குழந்தை பிறந்தவுடன் அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறக்கவில்லை. சடம் என்னும் வாயு பிறக்கும் குழந்தையைத் தீண்டி, முன்னறிவை மறக்கச் செய்து அழவைக்கும்; அதைக் கோபித்து விலக்கியதால் அவர் சடகோபன். இது வைணவ விளக்கம். பிறந்தவுடன் அழாத குழந்தை என்ற இந்த ஒரு குறிப்பைப் படிக்கும் இக்காலத்து மருத்துவர் பேனாவை எடுப்பார். 'பிறந்ததும் அழுததா?' என்பது வளர்ச்சித் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தையின் தாயிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. பெற்றோர் கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அசையாமல், பேசாமல் கழிந்தன.

அப்போது வடக்கே யாத்திரை சென்றிருந்த மதுரகவி, தெற்கே ஓர் ஒளி கண்டு அதைப் பின்தொடர்ந்து வந்து சேர்கிறார். கண்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கிறார். வணங்கவில்லை, பாடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. முதலில் ஒரு கல்லை எடுத்துப் பிள்ளையின் அருகே போடுகிறார். ஓசை கேட்டுக் கண் திறக்கிறது. பிறகுதான் வாய் பேசுமா என்று அறியக் கேள்வி கேட்கிறார். செத்ததன் வயிற்றில் சிறியது பிறந்தால் எதைத் தின்று எங்கே கிடக்கும் என்ற அந்தப் புகழ்பெற்ற கேள்வியும், அதற்குக் கிடைத்த விடையும் தத்துவ விளக்கங்களால் நிறைந்துவிட்டன. கல்லைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

முதலில் காது, பிறகு பேச்சு. வரிசை சரியாக இருக்கிறது. பதினாறு ஆண்டுகள் அந்த ஊரில் அத்தனை பேர் வந்து பார்த்துக் கைகூப்பிப் போயிருப்பார்கள். ஒருவரும் கல்லைப் போட்டுப் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பேரரசர் அக்பர் செய்தார். பிள்ளைகள் மொழி கேளாமல் வளர்ந்தால் என்ன மொழி பேசும் என்று அறிய, 1578ஐ ஒட்டிக் கைக்குழந்தைகள் சிலரைத் தனி மாளிகையில் வளர்க்கச் செய்தார். அங்கு யாரும் அவர்களிடம் பேசக்கூடாது என்பது ஆணை. 1582இல் அவர் அங்கே போய்ப் பார்த்தபோது ஊமையொலிகள் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்று அபுல் பசல் அக்பர்நாமாவில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தை 'குங் மகால்' என்றார்கள்; ஊமை மாளிகை. எகிப்திய மன்னன் சாமெத்திகஸ் இதேபோலச் செய்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியது கதையாக இருக்கலாம். அக்பருடையது அவரது அரசவை வரலாற்றாசிரியரே பதிந்தது. காது நன்றாக இருந்தும் அதில் மொழி விழாவிட்டால் மொழி இல்லை என்று ஒரு பேரரசன் அறிந்துகொண்டான். விலையைக் குழந்தைகள் கொடுத்தன. அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் பொருட்படுத்தவில்லை.

காது கேளாத குழந்தைக்குத் தன் வீடே ஊமை மாளிகைதான். சுற்றிலும் பேசுகிறார்கள், ஒன்றும் வந்து சேர்வதில்லை. அங்கே கையசைவு மொழி இருந்தால் கதை வேறு. நிகரகுவாவில் 1970களின் இறுதியில் செவிட்டுப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது, யாரும் கற்பிக்காமலே அவர்களுக்குள் ஒரு சைகைமொழி பிறந்து, இலக்கணம் பெற்று வளர்ந்தது. மொழிக்குக் காது கட்டாயமில்லை. கூட்டமும் காலமும் கட்டாயம். ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் உலகெங்கும் செவிட்டுப் பள்ளிகள் அந்தத் தீர்மானத்தின் நிழலில் இருந்தன.

இந்தியாவில் பம்பாய், கல்கத்தாவை அடுத்து, தெற்கே இத்தகைய பள்ளி எழுந்த இடம் பாளையங்கோட்டை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷனைச் சேர்ந்த புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1890களில் தொடங்கியது. அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் மீண்டும் அதே ஆறு. குருகூர், வைகுண்டம், பாளையங்கோட்டை ஆகிய மூன்றும் தாமிரபரணியின் மேல். முதலிரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு பிள்ளை பேசியது. கோயில் எழுந்தது, காவியம் எழுந்தது. மூன்றாவது ஊரில் பேசாதவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அதற்கு யாரும் தலபுராணம் எழுதவில்லை.

ஆங்கில அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1881 முதல் 1931 வரை 'செவிட்டூமையர்' என்று ஒரு பத்தி இருந்தது. சங்கப் புலவர் பிரித்து எண்ணியவற்றை வெள்ளைக்கார எழுத்தர் சேர்த்து எண்ணினார். செவிடாகப் பிறந்தவன் ஊமை ஆகியே தீருவான் என்பது அந்தச் சேர்க்கையின் பொருள். அது உண்மையன்று என்பதை நிறுவவே பின்வந்த முயற்சிகள் எல்லாம். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் 1960களின் நடுவில் தொடங்கியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட செவிட்டுக் குழந்தைகளுக்கென்றே சென்னையில் 1969இல் பால வித்யாலயா ஏற்பட்டது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் கேட்டல் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம், பேச்சுக் குறையுடையோர் ஏறத்தாழ 20 லட்சம் என்று தனித்தனியாகப் பதிவாயின. புறநானூற்றுக் கணக்குக்கே திரும்பினோம் என்றும் சொல்லலாம்.

இவ்விரு பத்திகளிலும் அடங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். காது கேட்கும், அறிவுக்குறை இல்லை, ஆட்டிசமும் இல்லை. ஆனால் மொழி மட்டும் வராது, அல்லது உடைந்து வரும். வேற்றுமை உருபு விழும், வினைமுற்று தடுமாறும், கதை சொல்லச் சொன்னால் கோவை இராது. இதை 'வளர்ச்சிசார் மொழிக்கோளாறு' என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பெயரிட்டு ஒருமுகப்படுத்தியது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி பள்ளியில் சேரும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது உண்டு, வகுப்புக்கு இருவர். தமிழில் இதற்கு ஊரறிந்த பெயர் கிடையாது. கொன்னை, திக்குவாய், குழறல், மழலை மாறாமை என்று உச்சரிப்பையும் ஒழுக்கையும் பற்றிய சொற்கள் நம்மிடம் உண்டு. மொழியே உள்ளே கட்டப்படாமல் போவதற்குச் சொல் இல்லை. ஆகவே 'மக்கு' என்கிறோம். நமக்கு முன் பெரியசாமித் தூரன், கலைக்களஞ்சியப் பணிக்கு இடையே, குழந்தை உள்ளம் முதலிய உளவியல் நூல்களைத் தமிழில் எழுதினார். அவர் போட்ட அந்த வழியில் பின்னால் போனவர்கள் குறைவு.

சட்டமும் இவர்களைக் கைவிட்டே வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதில் 'பேச்சு, மொழி இயலாமை' ஒரு வகை. வரையறையைப் படித்தால், குரல்வளை நீக்கம், மூளைப்பாதிப்பால் மொழி இழத்தல் போன்றவற்றால் வரும் நிரந்தர இயலாமை என்று இருக்கிறது. பெற்றதை இழந்தவருக்கு அங்கே இடமுண்டு. பெறாமலே நிற்கும் ஆறு வயதுப் பிள்ளை கற்றல் குறைபாடு என்ற மற்றொரு வகையின் மூலையில் ஒதுங்கவேண்டியிருக்கிறது.

செவிட்டுக் குழந்தைக்கு இன்று வழி இருக்கிறது. அந்த வழியில் கதவு ஒன்றும் இருக்கிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது உலகளாவிய விதி. குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவி வைத்துச் சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி, பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதை விடத் தெளிவாக மேலாக இருந்தது என்று 1998இல் கொலராடோவில் யோஷினாகா இடானோ குழுவினர் காட்டினார்கள். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் பல லட்சம் ரூபாய் பெறும் காக்லியர் கருவியை இலவசமாகவே பொருத்துகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அந்த எல்லை பணத்துக்காக மட்டும் வைத்ததன்று. ஒலி கேளாத மூளை அந்தப் பகுதியை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. அதன்பின் கருவி ஒலியைத் தரும், ஒலி சொல்லாக மாறுவது அரிதாகிவிடும்.

உருத்திரசன்மனுக்கு ஐந்து வயது. குமரகுருபரருக்கு ஐந்து வயது. இக்கதைகளை நம்பி 'ஐந்து வரை பார்ப்போம்' என்று ஒரு குடும்பம் காத்திருந்தால், அது பள்ளியில் சேர்க்கப் போகும்போது ஆசிரியர் சொல்லி, பிறகு சோதித்து, பிறகு தாள்கள் தயாராகி முடிவதற்குள் கதவு சாத்தும் நேரம் ஆகிவிடும். மாமன், அத்தை மக்களை மணக்கும் வழக்கம் உள்ள நம் நாட்டில் பிறவிச் செவிடு குடும்பங்களில் கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்தும் இந்தக் காத்திருத்தல் நடக்கிறது.

நேர்ந்துகொள்ளாதீர்கள் என்று சொல்ல நமக்கு மனமில்லை. மண்டலம் இருந்த அந்தப் பெற்றோரின் தவிப்பு பொய்யில்லை. ஓமந்தூரில் பேருந்து ஏறினால் வடமேற்கே திண்டிவனம். அதே சாலையில் எதிர்த்திசையில் போனால், புதுச்சேரிக்குள் நுழையும் இடத்தில் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை; 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. மயிலத்துக்கு ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதல்.

மதுரகவியார் தம் ஆசானைப் பற்றிப் பாடியது கண்ணிநுண் சிறுத்தாம்பு ஒன்றே, பதினோரு பாசுரங்கள். அவற்றில் குருகூர் இருக்கிறது, நம்பியின் பெயரின் இனிமை இருக்கிறது; கல் இல்லை. கல்லைக் கதைக்குள் கொண்டுவந்தது பின்னால் குருபரம்பரை சொன்ன யாரோ ஒருவர். பதினாறு ஆண்டு மௌனத்தையும் தெய்விகம் என்று சொல்லி நேரே கேள்விக்குப் போயிருக்கலாம். கதைக்கு அதுவே போதும். அவர் போகவில்லை. தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேசாத பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு, பின்னால் போய் நின்று கை தட்டிப் பார்த்தவராக அவர் இருந்திருக்க வேண்டும்.